பத்தாம் ஆண்டின் உயரம்: மணமுள்ள பசும்புதர்களையும் குள்ள ஊசியிலைச் செடிகளையும் தேர்ந்தெடுக்கும் முறை

புதுமனை புகுவிழா முடிந்த மறுவாரமே நம்மில் பலர் நாற்றுப்பண்ணைக்குச் செல்கிறோம். வீட்டுக்கடனுக்கான ஆவணங்களை மாதக்கணக்கில் படித்துப் படித்துச் சலித்த கண்களுக்கு அங்குள்ள பசுமை பெரும் ஆறுதல். அரைமணி நேரத்தில் ஆறு செடிகளைத் தேர்ந்து வண்டியில் ஏற்றிவிடுகிறோம். வீட்டின் ஒவ்வொரு சதுர அடியையும் அளந்து பார்த்த நாம், செடியை மட்டும் அளப்பதில்லை. அது இன்று என்ன உயரம் என்று பார்க்கிறோமே ஒழிய, பத்தாம் ஆண்டில் என்ன உயரம் என்று கேட்பதில்லை.

பெங்களூரில் நாம் நன்கறிந்த ஒரு குடும்பம் உண்டு. குடிபுகுந்த ஆண்டில், அந்த வீட்டம்மா வாயிற்கதவின் இருபுறமும் இரண்டு சிறு செடிகளைத் தம் கையால் நட்டார். அடுக்கடுக்காகக் கிளை விரித்து முழங்கால் உயரத்தில் நின்ற அவற்றை விற்றவர், 'குட்டைக் கிறிஸ்துமஸ் மரம்' என்று சொல்லித் தந்திருந்தார். இன்று அம்மையார் இல்லை. மரங்கள் இரண்டும் மாடியைத் தாண்டி மின்கம்பியைத் தொடுகின்றன. சுற்றுச்சுவரில் விரிசல் கண்டிருக்கிறது. வெட்டவும் மனம் வரவில்லை, விட்டுவைக்கவும் வழியில்லை என்று அவருடைய கணவர் நம்மிடம் சொன்னார். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அந்தச் சொல்தான்.

அவர்கள் வாங்கியது அரோகேரியா. பசிபிக் பெருங்கடலில் உள்ள நார்போக் தீவு, நியூ கலிடோனியா ஆகிய இடங்களைத் தாயகமாகக் கொண்ட இவ்வினங்கள் அங்கே 50 மீட்டருக்கும் மேல் வளர்பவை. தொட்டியில் இருக்கும்வரை அழகிய சிறு செடி. தரையில் வேர் இறங்கிவிட்டால் பெருமரம். தொட்டியின் சிறுமையால் குட்டையாக நிற்பது வேறு. பிறவியிலேயே குள்ளமாக இருப்பது வேறு. ஆண்டு முழுவதும் பசுமை தந்து, மணமும் கமழ்ந்து, கொடுத்த இடத்திற்குள் அடங்கி நிற்கும் செடிகளைத் தேர்ந்தெடுக்க இந்த வேறுபாட்டை அறிவதே முதற்படி.

பசுமை மாறாமை என்பது என்ன?

பசுமைமாறாச் செடி இலை உதிர்க்காத செடி என்று பொருளன்று. எல்லா இலைகளையும் ஒரே பருவத்தில் உதிர்த்து மொட்டையாக நிற்காத செடி என்பதே பொருள். ஒவ்வோர் இலைக்கும் வாழ்நாள் உண்டு. பழையது பழுத்து விழுமுன் புதியது துளிர்த்துவிடுவதால் செடி எப்போதும் பசுமையாகத் தெரிகிறது. ஆகவே உட்புறத்தில் சில இலைகள் பழுப்பதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. நுனித்துளிர் கருகினால் மட்டுமே கவலைப்பட வேண்டும்.

தோட்டத்தில் இத்தகைய செடிகளின் பணி, வீட்டில் சுவரின் பணியைப் போன்றது. பருவப் பூஞ்செடிகள் வந்து போகும். இவை நின்று தோட்டத்திற்கு உருவம் தரும். அதனால்தான் இவற்றைத் தவறாகத் தேர்ந்தால் இழப்பும் பெரிது. சாமந்தியை அடுத்த பருவத்தில் மாற்றிக்கொள்ளலாம். பத்தாண்டு வளர்ந்த புதரை அப்புறப்படுத்தினால், செலவழித்த பணத்தைவிடச் செலவழித்த ஆண்டுகளே நம்மை உறுத்தும்.

மணம் எங்கிருந்து வருகிறது?

மணச்செடிகளை வாங்குவோர் கேட்க மறக்கும் கேள்வி இது. சில செடிகளில் பூ மணக்கிறது. சிலவற்றில் இலை மணக்கிறது. இரண்டும் வெவ்வேறு காரணங்களுக்காக உண்டானவை; எனவே அவற்றை நட வேண்டிய இடங்களும் வெவ்வேறு.

பூவின் மணம் ஓர் அழைப்பு. மகரந்தத்தைச் சுமந்து செல்லும் பூச்சிகளுக்காகவே அது காற்றில் பரவுகிறது. மல்லிகை, கார்டெனியா, இரவுராணி முதலியவற்றின் பூக்கள் வெண்மையாகவோ வெளிறியோ இருப்பதும், அந்திக்குப் பின் மணம் மிகுவதும் இரவில் பறக்கும் அந்துப்பூச்சிகளின் பொருட்டே. இவற்றை மாலையில் நாம் அமரும் திண்ணைக்கருகிலும், காற்று உள்ளே வரும் சன்னலோரத்திலும் நட வேண்டும். அலுவலகத்திலிருந்து இருட்டிய பின்னரே வீடு திரும்புவோர்க்கு, பகலில் மட்டும் மலர்ந்து வாடும் பூவைவிட இவையே ஏற்றவை.

இலையின் மணமோ ஒரு காவல். தழையைத் தின்ன வரும் பூச்சிகளையும் விலங்குகளையும் விலக்குவதற்காக எண்ணெய்ச் சுரப்பிகளில் சேர்த்துவைத்த பொருள் அது. இலை கசங்கினாலோ வெயிலில் சூடேறினாலோதான் வெளிப்படும். கறிவேப்பிலையையோ எலுமிச்சையின் இலையையோ வெளிச்சத்திற்கு நேரே பிடித்துப் பார்த்தால், ஊசியால் குத்தியது போன்ற ஒளிப்புள்ளிகள் தெரியும். அவையே அந்தச் சுரப்பிகள். ரோஸ்மேரியும் ஊசியிலைச் செடிகளும் இவ்வகையின. இவற்றை ஆடையும் கையும் உரசும்படி நடைபாதையின் ஓரத்தில் நட்டால்தான் பயன். எட்டாத மூலையில் நட்ட ரோஸ்மேரி ஊமைச்செடி.

சமவெளித் தோட்டங்களுக்கான மணப்புதர்கள்

இந்தியாவின் சமவெளிகளுக்கு ஒரே ஒரு மணப்புதரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நாம் காமினியைத்தான் தேர்வோம். முராயா என்றும் இதை நாற்றுப்பண்ணைகளில் அழைப்பார்கள். கறிவேப்பிலைக்கும் எலுமிச்சைக்கும் உறவான இச்செடி, சென்னையின் உப்புக்காற்றையும் தில்லியின் கடுங்கோடையையும் ஒருங்கே தாங்கும். இலை சிறிதாய், பளபளப்பாய், அடர்ந்து நிற்கும். மழை பெய்து சில நாள்களில் செடி முழுவதும் வெண்பூக்கள் மலர்ந்து தெருவே மணக்கும். ஆண்டில் பலமுறை இவ்வாறு நிகழும். ஆனால் ஒன்று: பூ கிளையின் நுனியில் வருவது. அழகுக்காக மாதந்தோறும் வேலியை மட்டமாக வெட்டினால், வெட்டுப்படுவது இலை மட்டுமன்று, வரவிருந்த பூவும்தான். ஒரு பூப்பு முடிந்தவுடன் வெட்டி, அடுத்த பூப்பு வரை விட்டுவிடுவதே முறை.

காமினியைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் உண்டு. எலுமிச்சை இனப் பயிர்களின் 'பசுமை நோய்' என்னும் கொடிய நோயைப் பரப்பும் சாறுறிஞ்சிப் பூச்சி இச்செடியின் இளந்துளிர்களில் பெருகும். நாக்பூரைப் போன்று ஆரஞ்சுத் தோட்டங்கள் சூழ்ந்த ஊரில் இருப்போரும், கொல்லையில் எலுமிச்சையோ சாத்துக்குடியோ வைத்திருப்போரும் காமினியைத் தவிர்ப்பது அண்டை வீட்டாருக்கும் செய்யும் நன்மை.

மல்லிகையைப் பற்றித் தமிழ் வாசகர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. மதுரை மல்லிக்கு 2013ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது பலரும் அறிந்ததே. வீட்டுத் தோட்டத்தில் மல்லிகை பூக்கவில்லை என்று குறைபடுவோரின் செடிகளில் பெரும்பாலும் இரண்டு குறைகளைக் காண்கிறோம்: நிழல், கவாத்தின்மை. நாள் முழுவதும் வெயில் படும் இடத்தில் நட்டு, தமிழகத்து உழவர்கள் செய்வதுபோல் நவம்பர் இறுதியில் நீரை நிறுத்தித் தரையிலிருந்து ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் உயரத்திற்குக் கவாத்து செய்தால், கோடையில் பூ தானே வரும்.

நிழலான இடத்திற்கு நந்தியாவட்டை. அடுக்கு நந்தியாவட்டையின் மணம் மெல்லியது; இரவில் தெரிவது. கட்டடத்தின் கிழக்கு, வடக்குப் பக்கங்களில் அரைநாள் வெயிலே போதும் என்று வளரும் மணப்புதர்கள் சிலவே. அவற்றுள் இது முதன்மையானது. இதிலேயே குட்டை வகையும் உண்டு. பாத்தி ஓரங்களுக்கு அது பொருந்தும்.

கார்டெனியா, வங்காளத்தில் கந்தராஜ் என்றும் மராட்டியத்தில் அனந்தா என்றும் போற்றப்படுவது. வெண்ணெய் நிறப் பூ, செறிந்த மணம், கரும்பச்சை இலை. ஆயினும் நாற்றுப்பண்ணையில் பசுமையாக இருந்த கார்டெனியா, வீட்டிற்கு வந்த சில மாதங்களில் மஞ்சளாகிப்போனது என்று பலர் வருந்துவதுண்டு. காரணம் நம் நீரில் இருக்கிறது. இச்செடி சற்றே புளிப்புத்தன்மை உள்ள மண்ணை விரும்புவது. கார அமில அளவு 5 முதல் 6.5 வரை இருத்தல் நலம். சுண்ணாம்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரைத் தொடர்ந்து ஊற்றினால் மண் காரமாகி, இரும்புச்சத்து மண்ணில் இருந்தும் வேருக்கு எட்டாமல் போகிறது. நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் தெரிவது இதன் அடையாளம். மழைநீரைச் சேமித்து ஊற்றுவதும், மக்கிய இலையுரம் இடுவதும், சிறிதளவு அன்னபேதி உப்பைக் கரைத்து ஊற்றுவதும் பயன் தரும். நீரை மாற்ற வழியில்லாதவர்கள் கார்டெனியாவின் மீது ஆசைப்படாமல் இருப்பதே நல்லது.

மனோரஞ்சிதத்தை அறியாத தலைமுறை வந்துவிட்டது. நினைத்த பழத்தின் மணம் தரும் பூ என்று நம் பாட்டிமார் சொல்வர். பச்சையாய் இலைகளுக்கிடையே ஒளிந்திருக்கும் பூ, மஞ்சளாகும்போது பழுத்த பழம்போல் மணக்கும். கண்ணுக்குத் தெரியுமுன் மூக்கிற்குத் தெரிந்துவிடும். கொக்கி போன்ற பூக்காம்புகளால் பற்றிப் படரும் இயல்புள்ளதாகையால், இதற்குப் பந்தலோ இடையறாத கவாத்தோ வேண்டும். குறுகிய இடத்திற்கு இது ஆகாது.

நீர் குறைந்த ஊர்களுக்கு மருதாணியைப் போன்ற நட்பு வேறில்லை. இராசஸ்தானத்தின் சோஜத் பகுதி வறண்ட நிலத்தில் மருதாணி விளைவித்தே பெயர் பெற்றது. இலைக்காக மட்டும் இதை வளர்ப்போர், பூவின் மணத்தை அறியாமலேயே வெட்டிவிடுகின்றனர். கன்னோசி நகரத்தார் அந்தச் சிறு பூக்களை வடித்து அத்தர் எடுக்கின்றனர் என்றால் அதன் மணத்தை உய்த்துணரலாம். முதிர்ந்த கிளைகளின் நுனி முள்ளாக மாறுவதால் உயிர்வேலிக்கு மிகவும் ஏற்றது. குழந்தைகள் விளையாடும் முற்றத்திற்கு அவ்வளவு ஏற்றதன்று.

இரவுராணியை மட்டும் தயக்கத்தோடு குறிப்பிடுகிறோம். மணத்தில் அதற்கு நிகர் குறைவு. ஆனால் அச்செடியின் எல்லாப் பகுதிகளும், சிறப்பாக அதன் சிறு வெண்கனிகள், நச்சுத்தன்மை உள்ளவை. சிலருக்கு அதன் செறிந்த மணமே தலைவலியையும் மூச்சுத்திணறலையும் உண்டாக்குகிறது. ஆஸ்துமா உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் படுக்கையறைச் சன்னலருகே அதை நடலாகாது. அரளிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். தவழும் குழந்தையும் வளர்ப்பு நாயும் உள்ள வீட்டில் இவ்விரண்டும் வேண்டாம்.

குள்ள ஊசியிலைச் செடிகள்: குள்ளம் என்பதன் அளவு

பைன், ஜூனிபர், சைப்ரஸ், துஜா ஆகியவை கூம்புக்காய்த் தாவரங்கள் என்னும் தொன்மையான வகுப்பைச் சேர்ந்தவை. பொதுவழக்கில் ஊசியிலை மரங்கள் என்கிறோம். எல்லாவற்றிற்கும் ஊசி போன்ற இலை இருப்பதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வளரும் நிரம்பல்லி அகன்ற இலை உடையது. தென்னிந்தியாவில் இயற்கையாக வளரும் கூம்புத்தாவரம் அது ஒன்றே. மறுபுறம், ஊசிபோன்ற கிளைகளையுடைய சவுக்கு இந்த வகுப்பைச் சேர்ந்ததே அன்று. அதைக் கத்தரித்துக் கூம்பு வடிவில் விற்பார்கள். கத்தரிப்பதை நிறுத்தினால் சவுக்குத்தோப்பு மரமாகவே வளரும்.

பெருமர இனத்தில் குள்ளச்செடி எப்படித் தோன்றுகிறது? விதைகளிலிருந்து முளைத்த நாற்றுகளுள் ஒன்று பிறவியிலேயே மெல்ல வளர்வதாக அமைந்துவிடலாம். பெரிய மரத்தின் ஒரு கிளையில் மட்டும் மொட்டு மாறுபட்டு, துடைப்பம்போல் நெருக்கமான குச்சிக்கொத்து தோன்றலாம். அத்தகைய கொத்திலிருந்து ஒரு குச்சியை எடுத்து வேர்விடச் செய்தோ ஒட்டுக்கட்டியோ பெருக்கினால் புதிய குள்ள வகை கிடைக்கிறது. 1904ஆம் ஆண்டில், கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்தில் லகான் என்னும் இடத்தருகே, ஆர்னால்டு மரப்பூங்காவைச் சேர்ந்த ஜே. ஜி. ஜாக், ஆல்பிரட் ரேடர் ஆகிய இருவர் கூம்பு வடிவில் அடர்ந்து நின்ற ஒரு குள்ள ஸ்புரூஸைக் கண்டெடுத்தனர். 'கோனிகா' என்னும் பெயரில் குளிர்நாடுகள் எங்கும் இன்று விற்கப்படும் செடிகள் அதன் வழிவந்தவையே.

இவ்வாறு மாறிப் பிறந்த செடி சில சமயம் தன் முன்னோரின் இயல்புக்குத் திரும்பும். அடர்ந்த குள்ளச்செடியிலிருந்து ஒரு கிளை மட்டும் விரைந்து நீண்டால், அதை உடனே அடியோடு நீக்க வேண்டும். விட்டுவைத்தால் அந்தக் கிளையே சில ஆண்டுகளில் செடியை விழுங்கிவிடும்.

குள்ளம் என்பது வளராமை அன்று, மெல்ல வளர்தல். அமெரிக்க ஊசியிலைத் தாவரக் கழகம் இதற்கென வகுத்த அளவு எளிமையானது. ஆண்டுக்கு 2.5 சென்டிமீட்டருக்கும் குறைவாக வளர்வது நுண்வகை. 2.5 முதல் 15 சென்டிமீட்டர் வரை வளர்வது குள்ளவகை. 15 முதல் 30 வரை இடைத்தரம். அதற்கு மேல் வளர்வது பெருவகை. இதிலிருந்து நாமே கணக்கிடலாம். குள்ளவகை என்ற பெயருடன் வாங்கும் செடி, பத்தாண்டுகளில் 25 சென்டிமீட்டரும் வளரலாம், ஒன்றரை மீட்டரும் வளரலாம். முப்பதாண்டுகளில் அது நான்கரை மீட்டராகவும் ஆகலாம். கூட்டுவட்டியைக் கணக்கிடத் தெரிந்த வாசகர்களுக்கு இந்தக் கணக்கு கடினமன்று. கடைக்காரரிடம் 'இது குள்ளமா?' என்று கேட்பதற்கு மாறாக, 'ஆண்டுக்கு எத்தனை விரற்கடை வளரும்?' என்று கேட்பதே பயனுள்ள கேள்வி.

பெயர்ச்சீட்டில் உள்ள இலத்தீன் சொற்களும் நமக்கு உதவும். 'நானா', 'பிக்மேயா' என்றால் சிறியது. 'கம்பாக்டா' நெருக்கமானது. 'குளோபோசா' உருண்டையானது. 'ஃபாஸ்டிஜியாட்டா' ஒடுங்கி நிமிர்ந்தது. 'புரோஸ்ட்ராட்டா' தரையில் படிவது. 'பெண்டுலா' தொங்கும் கிளைகள் உள்ளது. 'ஆரியா' பொன்னிறம், 'கிளாவுகா' நீலச்சாம்பல் நிறம். ஒன்றை மட்டும் நினைவில் கொள்க: 'நானா' என்ற சொல் அந்த இனத்தின் பிற செடிகளோடு ஒப்பிட்டுச் சொல்லப்படுவது. நூறடி மரத்தின் குள்ளவகை பத்தடியாகவும் இருக்கக்கூடும்.

எந்த ஊருக்கு எது?

சமவெளிக்குரிய ஊசியிலைச் செடிகள் சிலவே. அவற்றுள் முதலாவது, துஜா என்றும், வடமாநிலங்களில் மயிற்பீலி என்னும் பொருளில் மோர்பங்கி என்றும் விற்கப்படும் செடி. சீனத்தைத் தாயகமாகக் கொண்ட இதன் இன்றைய தாவரவியற் பெயர் பிளாட்டிகிளாடஸ். விசிறிபோல் நிமிர்ந்த தட்டைக் கிளைகள் இதன் அடையாளம். சாதாரண வகை பல மீட்டர் உயரம் வளரும். 'ஆரியா நானா' என்னும் பொன்னிறக் குள்ளவகை பத்தாண்டுகளில் ஏறக்குறைய ஒரு மீட்டரளவிலேயே முட்டை வடிவில் நிற்கும். இரண்டும் நாற்று நிலையில் ஒன்றுபோலவே தோன்றுவதால், பெயர்ச்சீட்டில்லாத செடியை நம்பி வாயிலில் நட வேண்டாம்.

இரண்டாவது, சீன ஜூனிபரும் தரையோடு படரும் ஜூனிபர் வகைகளும். வெயிலையும் ஓரளவு வறட்சியையும் தாங்குபவை. நீர் தேங்கினால் மட்டும் பிழையாது மடிபவை. தக்காணப் பீடபூமியின் புணே, பெங்களூரு, ஐதராபாத் தோட்டங்களுக்கும் வடசமவெளிக்கும் பொருந்தும். மூன்றாவது, பொடோகார்பஸ். ஈரப்பதமான கடற்கரை நகரங்களில் மற்ற ஊசியிலைச் செடிகள் சோர்ந்துபோகும்போதும் இது தளராது. கவாத்தையும் பொறுத்துக்கொள்ளும். 'மாக்கி' என்னும் ஒடுங்கிய வகை தொட்டிக்கும் ஏற்றது.

மலைநகரங்களின் நிலை வேறு. 1848இல் தொடங்கப்பட்ட உதகை அரசு தாவரவியல் பூங்காவில் பல நாட்டு ஊசியிலை மரங்கள் ஓங்கி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கும் கொடைக்கானலிலும் ஜூனிபர், சைப்ரஸ் குள்ளவகைகள் நன்கு வளரும். ரோஸ்மேரி அங்கே வேலியாகவே வளர்கிறது. சிம்லா, முசூரி, டார்ஜிலிங் போன்ற இமயமலை நகரங்களிலோ, நீண்ட குளிர்காலத்தை வேண்டும் கோனிகா ஸ்புரூஸும் முகோ பைனும் கூடச் செழிக்கும்.

இமயமலைக்கே உரிய மணப்புதர்களையும் அங்குள்ளோர் மறக்கலாகாது. இலையைக் கசக்கினால் மணக்கும் ஸ்கிமியாவை உத்தரகண்டிலும் காஷ்மீரிலும் தூபத்திற்குப் பயன்படுத்துகின்றனர். நிழலிலும் வளர்ந்து, குளிர்காலத்தில் சிறு பூக்களால் மணம் பரப்பும் சார்கோகோக்கா இன்னொன்று. இலடாக்கில் ஜூனிபர்த் தழையை 'ஷுக்பா' என்று சொல்லி வழிபாட்டில் எரிக்கின்றனர். இவற்றை நாற்றுப்பண்ணையில் வாங்க வேண்டுமேயன்றிக் காட்டிலிருந்து பிடுங்கி வரலாகாது. மிக மெல்ல வளரும் மலைச்செடிகளைப் பிடுங்கினால், அந்த இடம் மீண்டும் பசுமையாகப் பல ஆண்டுகள் ஆகும்.

சுற்றுலா சென்ற இடத்தில் கண்ட செடியை ஊருக்கு எடுத்துவரும் ஆசை இயல்பானது. முசூரியில் வாங்கிய ஸ்புரூஸ் மதுரையின் முதற்கோடையைத் தாண்டாது. ஜம்முவின் பதர்வாவில் உழவர்களுக்கு வருவாய் தரும் இலாவண்டர், சென்னையின் புழுக்கத்தில் அழுகிவிடும். செடியின் விலையோடு போனாலும் பரவாயில்லை. அது நம் கண்முன் சாவதைப் பார்ப்பதுதான் வருத்தம்.

வாங்கும்போதும் நடும்போதும்

நாற்றுப்பண்ணையில் உயரமான செடியைத் தேடாமல், அடிமுதல் அடர்ந்த செடியைத் தேடுங்கள். தொட்டியின் அடித்துளை வழியே தடித்த வேர்கள் வெளிவந்திருந்தால் அச்செடி நெடுநாள் அடைபட்டுக் கிடந்தது என்று பொருள். தொட்டியைக் கவிழ்த்துக் காட்டச் சொல்லிப் பார்க்கலாம். வேர்கள் கயிறுபோல் வட்டமாகச் சுற்றியிருந்தால் வேண்டாம். ஊசியிலைச் செடியின் உட்கிளைகளை விலக்கி, மெல்லிய வலையும் புழுதி படிந்தாற்போன்ற நிறமும் உள்ளதா என்று பாருங்கள். அவை சிலந்திப்பேனின் தடயம். வெயிற்காலத்தில் துஜாவைப் பழுக்கச் செய்யும் முதற்பகை அதுவே. வாரம் ஒருமுறை நீரை வேகமாகத் தழைமீது பீய்ச்சினால் பெரும்பாலும் கட்டுப்படும்.

இடைவெளிக்கு ஓர் எளிய விதி: செடி முழுவதும் வளர்ந்தபின் எவ்வளவு அகலமோ அதில் பாதியைக் கணக்கிட்டு, அதனோடு ஓரடி சேர்த்துச் சுவரிலிருந்து தள்ளி நடவேண்டும். இரண்டு மீட்டர் விரியும் காமினிக்குச் சுவரிலிருந்து ஒரு மீட்டரும் ஓரடியும். முதல் மூன்றாண்டுகள் இடம் வெறுமையாகத் தெரியும்; அங்கே பருவப் பூஞ்செடிகளை வைத்துக்கொள்ளலாம். கழிவுநீர்க் குழாயும் நிலத்தடித் தொட்டியும் எங்கே உள்ளன என்று வீட்டின் வரைபடத்தைப் பார்த்துவிட்டுக் குழி தோண்டுங்கள். மழைக்காலத்தின் தொடக்கத்தில் நட்டால் முதற்கோடைக்குள் வேர் இறங்கிவிடும்.

மாடித்தோட்டம் வைப்போர் எடையையும் எண்ண வேண்டும். 45 சென்டிமீட்டர் அகலமும் அதே ஆழமும் கொண்ட ஒரு தொட்டியில் ஏறத்தாழ 70 லிட்டர் மண் கொள்ளும். நனைந்த தோட்டமண்ணானால் அதன் எடை நூறு கிலோகிராமைத் தாண்டும். மக்கள் ஏறிச் செல்லும் தட்டைக்கூரைக்கு இந்தியத் தரநிர்ணயம் வகுத்துள்ள பயன்பாட்டுச் சுமை சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோகிராம்தான். எனவே தேங்காய்நார்த் துகள் கலந்த இலகுவான மண்கலவையைப் பயன்படுத்தி, தொட்டிகளைத் தூணுக்கும் உத்தரத்திற்கும் மேலாக வைத்து, பல தொட்டிகள் வைக்குமுன் பொறியாளர் ஒருவரைக் கலந்துகொள்வதே அறிவுடைமை.

கவாத்தில் இரு வகைச் செடிகளுக்கும் பெரும் வேறுபாடு உண்டு. காமினி, மல்லிகை, நந்தியாவட்டை ஆகியவற்றை வெற்றுக்கட்டை வரை வெட்டினாலும் துளிர்க்கும். துஜாவும் ஜூனிபரும் அவ்வாறல்ல. பச்சைத்தழை உள்ள பகுதிக்குள் மட்டுமே வெட்ட வேண்டும். இலையற்ற பழங்கட்டையில் வெட்டினால் அந்த இடம் என்றும் மொட்டையாகவே நிற்கும். வளர்ந்தபின் வெட்டிக் குறைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் ஊசியிலைச் செடியிடம் செல்லாது. அதனாலேயே தேர்விற்கு இத்துணை முதன்மை தருகிறோம். உலர்ந்த ஊசியிலைத் தழையில் பிசின் இருப்பதால் எளிதில் தீப்பற்றும். தீபாவளிக்கு முன் காய்ந்த பகுதிகளை நீக்கிவிடுங்கள்.

மீண்டும் அந்த வாயில்

பெங்களூர் நண்பரின் மரங்களுக்கு வருவோம். உச்சியை மட்டும் வெட்டிக் குறைக்கலாமா என்று அவர் கேட்டார். அரோகேரியா ஒற்றைத் தண்டில் நிமிர்ந்து வளர்வது. உச்சியை இழந்தால் உருவம் கெடுமே தவிரச் சிக்கல் தீராது. மின்கம்பியைத் தொட்ட மரத்தை, உரிய அனுமதி பெற்று, பழகிய ஆள்களைக் கொண்டு நீக்குவதே பாதுகாப்பு என்று சொன்னோம். நெடுநேரம் பேசாமலிருந்தவர், "அவள் நட விரும்பியது மரத்தையன்று, வாயிலில் ஒரு பசுமையைத்தான்" என்றார். சுவரையொட்டிய ஒரு மரம் நீக்கப்பட்டது. கம்பிக்கு எட்டத்தில் கிளைகளைத் திருத்த முடிந்த மற்றொன்று, பொறியாளர் சுவரைச் சோதித்துச் சொல்லும் வரை நிற்கிறது.

வெறுமையான பக்கத்தில் காமினி ஒன்றை நட்டிருக்கிறார். இம்முறை சுவரிலிருந்து நாடாவால் அளந்து, இடம்விட்டு நட்டார். இரண்டு மழைக்குப் பின் அது பூத்தது. மாலையில் வாயிற்படியில் அமர்ந்தால் மணம் வீட்டிற்குள்ளும் வருகிறது என்று தொலைபேசியில் சொன்னார்.

அடுத்த முறை நாற்றுப்பண்ணைக்குச் செல்லும்போது, பணப்பையோடு ஓர் அளவுநாடாவையும் எடுத்துச் செல்லுங்கள். இடத்தின் அகலம், வெயில் படும் நேரம், வீட்டு நீரின் இயல்பு ஆகிய மூன்றையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். விலையைக் கேட்குமுன் பத்தாம் ஆண்டின் உயரத்தைக் கேளுங்கள்.